விழப் பழக வேணும், தம்பி!

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் குளிர் என்பது, மார்கழி மாச விடிகாலையில் டீக்கடை பெஞ்சில் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு "என்னா பனி, என்னா பனி" என்று அங்கலாய்ப்பதற்காகவே ஏற்பட்ட விஷயம். எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். மப்ளர் பெட்டிக்குள் போய்விடும். பக்கத்து நெய்வேலியில் பூமியைத் தோண்டித் தோண்டி நிலக்கரி எடுக்கிறார்களே, எதுக்கு? கரண்டுக்கு. கரண்ட் எதுக்கு? ஃபேன் போட!

அப்பேர்ப்பட்ட பிரதேசத்து ஆசாமியான நான், 2024 ஜனவரியில், மைனஸ் பதினொரு டிகிரியில், நார்வே தேசத்துப் பனியில் கால் மேலும் தலை கீழுமாகக் கிடந்தேன்.

தங்கைக்குப் பிரசவம். மாப்பிள்ளைக்கு ஆஸ்லோவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருப்பவனுக்கு வருஷம் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் லீவு என்பது எங்கள் வீட்டாரின் அசைக்க முடியாத அபிப்பிராயம். ஆகவே, பண்ருட்டி முந்திரி நாலு கிலோ, பிரசவ லேகியம், நான் என்று அம்மாவின் லக்கேஜ்கள் ஆஸ்லோ போய்ச் சேர்ந்தன.

அங்கே அம்மாவுக்கு முதல் அதிர்ச்சி, குழந்தைகள் காப்பக வாசலில். வெட்டவெளி. சுற்றிலும் பனி. வரிசையாகத் தள்ளுவண்டிகள். உள்ளே குழந்தைகள் கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரியத் தூங்குகின்றன! அந்த ஊரில் அதுதான் வழக்கமாம். "அடப் பாவிங்களா, பச்சப் புள்ளைய வாசல்லயா போடுவாங்க?" என்று அம்மா ஒரு வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போகவே கிளம்பிவிட்டாள். தங்கைதான் பிடித்து இழுத்து வந்தாள்.

எனக்கு அதிர்ச்சி வேறு ரூபத்தில் வந்தது. "மச்சான், வெளிய போறதுன்னா முதல்ல அந்த பனியனைக் கழட்டுங்க" என்றார் மாப்பிள்ளை.

குளிருகிறது என்றால் கழற்றச் சொல்கிறாரே என்று பார்த்தால், விஷயம் இருக்கிறது. பருத்தி வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரம் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். கம்பளி அப்படியில்லை. நனைந்தால்கூடக் கதகதப்பு இருக்கும். அதனால் உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே கனமான கம்பளி, அதற்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு. கை உறையில் விரலுக்கு விரல் தனி அறை கூடாது. நாலும் ஒரே அறையில் கூட்டுக் குடித்தனம் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்குமாம். பூட்ஸ் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. 'மோசமான வானிலை என்று ஒன்றும் கிடையாது, மோசமான உடுப்புதான் உண்டு' என்று அந்த ஊரில் ஒரு சொலவடையே இருக்கிறது. பொங்கலன்றைக்கு வேட்டி கட்டியே தீருவேன் என்று நின்ற நான், கம்பளிக் கால்சட்டைக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டேன். போட்டோ இருக்கிறது. காட்ட மாட்டேன்.

கீழ் வீட்டு அண்ணையை அந்தப் பொங்கலன்றுதான் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு ஸ்கீ ஓடத் தெரியுமோ?" என்றார்.

"எனக்கு சைக்கிளே சுமார்தாண்ணே."

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "அப்ப நீங்கள்தான் சரியான ஆள். என்னைவிட மோசமா விழ எனக்கொரு ஆள் வேணும்!"

அண்ணை நார்வேக்கு வந்தது 1987-ல். யாழ்ப்பாணத்து அந்தோணி ராஜேந்திரம் 1956-ல் வந்து தடம் போட்ட தேசம் அது. நம் நெய்வேலி நிலக்கரிக் கம்பெனி ஆரம்பித்த அதே வருஷம்! பின்னால் 1967-ல் யாழ்ப்பாண மீனவர்களுக்காக 'சீநோர்' நிறுவனம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1983 கலவரத்துக்கப்புறம் வந்த இளைஞர்கள் பலர் அங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளில் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். பிறகு வடகோடி ஃபின்மார்க்கில் மீன் பாக்டரி வேலை. அண்ணையும் அப்படித்தான். குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாசம் சூரியன் தலையே காட்டாத ஊர். விடிகிறதா இருட்டுகிறதா என்று தெரியாமல் பனிக்குள் நடந்து போய், மீன் வெட்டி, பனிக்குள் நடந்து திரும்புவது.

"பனியெண்டா எங்களுக்கு வேலைக்குப் போற வழியில கிடக்கிற சாமான், தம்பி. அதில விளையாடலாமெண்டு ஒருநாளும் தோன்றேல்லை."

அப்புறம் ஆஸ்லோ. மகள் பள்ளிக்கூடம் போனாள். குளிர்காலத்தில் ஒருநாள் ஸ்கீ தினம். "அப்பா, நீங்களும் வாங்கோ" என்று கூப்பிட்டிருக்கிறாள். இரவு வேலை, களைப்பு என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷமும் சொன்னார். அதற்கடுத்த வருஷம் அவள் கேட்கவில்லை. சிநேகிதியின் அப்பாதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"களைப்பெண்டது பொய். அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால விழ வெக்கம்" என்றார் அண்ணை, கிண்ணத்தை வழித்துக்கொண்டே. இப்போது அந்த மகளின் மகனுக்கு ஆறு வயசு. அவனும் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பழைய ஸ்கீ ஒரு ஜோடி வாங்கி, நிலவறையில் வைத்து இரண்டு குளிர்காலம் ஆகிறதாம்.

முதலில் சறுக்குவண்டியில் பழகலாம் என்றார். மெட்ரோ ரயிலில் ஃப்ரோக்னர்செத்தரென் வரை ஏற வேண்டும். ஜனங்கள் சறுக்குவண்டியும் கையுமாக ரயிலில் வருகிறார்கள், நம்மூரில் கறிகாய்க் கூடையோடு பாசஞ்சரில் ஏறுவது போல. அங்கிருந்து கீழே இரண்டு கிலோமீட்டர் பாதை, 255 மீட்டர் இறக்கம். தக்கை திருகிக் கம்பி மாதிரி வளைந்து வளைந்து போவதால் அதன் பேரே 'தக்கைத் திருகி'தான். 1952 ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட் பந்தயம் நடந்த சரிவு! சின்ன வயசில் தென்னை மட்டையில் ஒருத்தன் உட்கார இன்னொருத்தன் இழுப்பானே, அதுதான். என்ன, இழுக்க ஆளில்லை, பூமாதேவி இழுக்கிறாள். இரண்டாவது வளைவில் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆரம்பத்தில் சொன்ன தலைகீழ் போஸ் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கீ. சோங்ஸ்வன் ஏரிப் பக்கம். 'ஸ்கீ' என்பதே அவர்கள் பாஷைச் சொல்தான், 'ஷீ' என்கிறார்கள். ஆதியில் பிளந்த கட்டை என்று அர்த்தம். பனியில் மெஷின் விட்டு இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், எங்கள் ஊர் வழியாகப் போகும் விழுப்புரம்-கடலூர் தண்டவாளம் மாதிரி. அதில் பலகையை வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியது. பூட்ஸின் முனை மட்டும்தான் பலகையில் மாட்டும், குதிகால் தூக்கும். நடப்பது போலத்தான், ஆனால் நடக்கக் கூடாது!

பேரன்தான் வாத்தியார். முதல் பாடம், விழுவது. பின்னால் சாயாதே, பக்கவாட்டில் உட்கார். எழுந்திருக்கப் பலகை இரண்டையும் சேர்த்துச் சரிவுக்குக் குறுக்கே வை, முட்டி போடு, பிறகு எழு. இறக்கம் வந்ததும் பின்னாலிருந்து "ப்ளூக்! ப்ளூக்!" என்று கத்தினான்.

"ஏர், தம்பி, ஏர்! கலப்பை மாதிரிப் பிடியுங்கோ!" என்று மொழிபெயர்த்தார் அண்ணை. முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் பலகை பனியை உழும், வேகம் குறையும். எங்கள் தாத்தா காலமெல்லாம் ஏர் பிடித்தவர். பேரன் நான் பிடித்த ஏர், நேரே புதருக்குள் போய் நின்றது.

அண்ணை வரவில்லை. இறக்கத்தின் உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஜனங்கள் சர் சர்ரென்று போகிறார்கள். ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதரிலிருந்து எழ வழியில்லாமல், "அண்ணே, சீக்கிரம் வாங்க, தூக்கி விட ஆளில்லை!" என்று கத்தினேன். நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. ஒரு நிமிஷம் யோசித்தார். கிளம்பினார். பாதி வழியில் தடாலென்று உட்கார்ந்தார். அங்கேயே உட்கார்ந்தபடி சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். பேரன் ஓடி வந்து, "அம்மப்பா, நல்லா விழுந்தீங்கள்!" என்று சர்டிபிகேட் கொடுத்தான்.

பி.காம். பழக்கத்தில் அன்றைக்கு ஐந்தொகை போட்டேன். நான் பதினாலு தடவை, அண்ணை ஒன்பது. மகள் ஃப்ளாஸ்கில் காபியோடு கார் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பாவின் கால்சட்டையில் பின்னால் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தட்டிவிட்டாள்.

நாங்கள் ஊர் திரும்பிய பின், மார்ச்சில் அண்ணையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மகள் எடுத்ததாம். பனியில் மல்லாந்து கிடக்கிறார். பேரன் குச்சியை ஊன்றி, இடுப்பில் கை வைத்துக் காத்திருக்கிறான். கீழே எழுதியிருந்தார்: 'இண்டைக்கு ரெண்டு தரம்தான், தம்பி.'