வேன் அச்சு முறிவதேன்?

சாலை முடிந்த இடத்திற்கு அப்பாலும் செல்ல வேண்டியவர்கள் களப் பணியாளர்கள். தடுப்பு மருந்துப் பெட்டியையோ நில ஆய்வுக் கருவிகளையோ ஏற்றிக்கொண்டு, மணற்படுகையையும் மலைச்சரிவையும் கடப்பதற்கு நான்கு சக்கர இயக்க வேன் பெருந்துணையாகும். எஞ்சினின் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால், ஓரிரு சக்கரங்கள் வழுக்கினும் வண்டி முன்னேறும். ஆனால் அவ்வாற்றலைக் கொண்டு செல்லும் தண்டுகளுள் ஒன்று ஆளரவமற்ற இடத்தில் முறிந்துவிட்டால், மருந்தும் கெடும். உடன் சென்றோரும் இன்னலுக்கு ஆளாவர். அவ்வேளையில் கடைசியாக ஏறிய கல்லின்மீதே யாவரும் பழி சுமத்துவர். உண்மையில் பல முறிவுகள் அக்கல்லை அடைவதற்கு நெடுநாள் முன்னரே தொடங்கியவை.

ஆற்றல் செல்லும் வழி

எஞ்சினின் சுழற்சி கிளச், கியர் பெட்டி ஆகியவற்றின் வழியே டிரான்ஸ்பர் கியர் பெட்டியை அடைகிறது. அங்கு இரண்டாகப் பிரிந்து, முன்னும் பின்னும் செல்லும் புரொபெல்லர் தண்டுகளைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு தண்டும் ஒரு டிபரன்ஷியலை இயக்க, அதன் இருபுறமும் உள்ள ஆக்சில் தண்டுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன. வழியில் வேகம் குறையக் குறைய முறுக்கு விசை பெருகும். எஞ்சின் தரும் விசை 200 நியூட்டன்-மீட்டர் எனக் கொள்வோம். அது முதல் கியரில் 4 மடங்கும், டிரான்ஸ்பர் பெட்டியின் தாழ்நிலையில் 2 மடங்கும், டிபரன்ஷியலில் 4 மடங்கும் பெருகினால், மொத்தம் 32 மடங்காகும். உராய்வு இழப்பைக் கணக்கில் கொள்ளாவிடின் இது 6,400 நியூட்டன்-மீட்டர். நான்கு தண்டுகளும் இதனைப் பகிர்ந்துகொள்ளும்வரை தீங்கில்லை. மூன்று சக்கரங்கள் சேற்றில் பிடிப்பிழந்திருக்க, டிபரன்ஷியல்களும் பூட்டப்பட்டிருந்தால், விசையின் பெரும்பகுதி பிடிப்புள்ள ஒரே தண்டின்மீது விழும்.

கெட்டித் தரையில் நேரும் கேடு

மேட்டையும் பள்ளத்தையும்விடத் தார்ச்சாலை சில வேன்களுக்குத் தீங்கு செய்யும் என்றால் வியப்பாக இருக்கலாம். 1965-இல் ரஷ்யாவின் உலியானோவ்ஸ்க் ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய உவாஸ்-452 வேனை எடுத்துக்கொள்வோம். வடிவத்தால் 'ரொட்டி' எனச் செல்லப்பெயர் பெற்ற இவ்வண்டி, சோவியத் நாட்டுப்புறங்களில் நோயாளிகளை ஏற்றிச் செல்லப் பெரிதும் பயன்பட்டது. தேவைப்படும்போது முன் அச்சைப் பின் அச்சுடன் நேரடியாகப் பிணைப்பது இதன் அமைப்பு. இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2.3 மீட்டர்.

பின் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பினால், பிதாகரஸ் தேற்றப்படி முன் அச்சின் நடுப்பகுதி ஏறத்தாழ 6.43 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். ஒரு முழு வட்டத்தில் பின் அச்சு 37.7 மீட்டரும், முன் அச்சு 40.4 மீட்டரும் கடக்கின்றன. கால் வட்டம் திரும்பினாலே வேறுபாடு 67 சென்டிமீட்டர் ஆகிவிடும். மணலில் சக்கரங்கள் சிறிது வழுக்கி இவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்கின்றன. கெட்டித் தரையிலோ அது தண்டுகளில் முறுக்காகத் தேங்கும். ஸ்டியரிங் கனப்பதும், நான்கு சக்கர நெம்புகோல் விடுபட மறுப்பதும் அதன் அறிகுறிகள். தேய்ந்த டயர்களை ஓர் அச்சிலும் புதியவற்றை மற்றதிலும் மாட்டினால், நேர்ப்பாதையிலும் இம்முறுக்கு ஏறும்.

உலோகச் சோர்வு

1842 மே 8 அன்று வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்ததால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைப் பல்லாண்டுகள் சோதித்தார். ஒரேமுறை தரப்பட்டால் அச்சு எளிதில் தாங்கிவிடும் சுமையும், திரும்பத் திரும்பத் தரப்பட்டால் அதனை முறித்துவிடும் என்று அவர் நிறுவினார்.

வேனின் தண்டிலும் இதுவே நிகழ்கிறது. துருப்பிடித்த குழியிலோ, நுனியில் வெட்டப்பட்ட வரிப்பற்களின் மூலையிலோ நுண்ணிய விரிசல் தோன்றி, ஒவ்வொரு முறுக்கிலும் சிறிது வளரும். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வலிமை 27 சதவீதம் குறையும். முறிந்த முகத்தில் அலை விட்டுச் சென்ற மணல்வரிகளைப் போன்ற கோடுகள் இருப்பின், விரிசல் பழையது என அறியலாம். இறுதியில் முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

காக்கும் முறைகள்

கெட்டித் தரையை அடைந்தவுடன் முன் அச்சின் பிணைப்பை விடுவித்தல் வேண்டும். ஸ்டியரிங் முழுதும் திரும்பிய நிலையில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தலாகாது. முன் சக்கர மூட்டுகள் அப்போதுதான் மிகுந்த நெருக்கடிக்கு உள்ளாகின்றன. அந்தரத்தில் சுழலும் சக்கரம் தரையைத் தொடுமுன் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துக.

சூடான அச்சு ஓடை நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அச்சுக் கூட்டின் காற்றுத் துளை அடைபட்டிருப்பின், ஆயில் சீல் வழியே நீர் உள்ளே இழுக்கப்படும். ஓடையைக் கடந்தபின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்றுக.

இத்தனைக்குப் பின்னும் பின்புற ஆக்சில் தண்டு முறியுமாயின், அது எவ்வகையது என்பதை முதலில் காண வேண்டும். வண்டியின் எடையை அச்சுக் கூடே தாங்கும் அமைப்பில், முறிந்த தண்டை உருவியெடுத்து, துளையை மூடி, முன் அச்சின் இழுப்பினால் மெல்ல ஊர் திரும்பலாம். எடையைத் தண்டே தாங்கும் அமைப்பில் சக்கரம் கழன்றுவிடக்கூடும். அவ்வண்டியை நகர்த்துதல் கூடாது. பயணம் புறப்படுமுன்னரே இவ்வேறுபாட்டை ஓட்டுநர் அறிந்திருத்தல் நலம்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது; முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் முறியும். முறியுமுன் அதன் மேற்பரப்பை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கும் மாணவன் விரிசலைக் காணக்கூடும். பட்டறையில் கழற்றிய தண்டைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் பணியாளர் செய்வதும் அதுவே. அந்தச் சில நிமிடங்கள் பாலைவெளியில் ஓர் இரவைத் தவிர்க்கும்.