உறைந்த எண்ணெய் உரைக்கும் உண்மை

மார்கழி விடியலில் அசோக் நகர் வீடுகளில், “எண்ணெய் உறைஞ்சு போச்சு, வெயிலில் வை!” என்ற குரலைக் கேட்டிருப்பீர்கள். “உறைந்தால்தான் சுத்தமான தேங்காய் எண்ணெய்” என்பது பாட்டிமார் தீர்ப்பு. அது சரிதானா? தோழியரே, வேதியியலைக் கேட்போம், வாருங்கள்!

திண்மம் திரவமாக மாறும் வெப்பநிலையே உருகுநிலை. தூய கரிமச் சேர்மம் ஒவ்வொன்றுக்கும் அது திட்டமானது. அந்துருண்டையாக நாம் அறிந்த நாப்தலீனுக்கு 80 டிகிரி செல்சியஸ். பென்சாயிக் அமிலத்திற்கு 122 டிகிரி. வேறு பொருள் கலந்தால், அது உருகிய திரவத்தில் கரைந்து, மூலக்கூறுகள் மீண்டும் படிகத்தில் சேர்வதைக் குறைக்கிறது. எனவே உருகுநிலை தாழ்கிறது. உருகுதலும் பல டிகிரிகளுக்கு நீள்கிறது.

யூரியா, சின்னமிக் அமிலம் இரண்டும் தனித்தனியே ஏறத்தாழ 133 டிகிரியில் உருகுபவை. இரண்டையும் கலந்து அரைத்து நுண்புழைக் குழாயிலிட்டுச் சூடாக்கினால், அதற்கு வெகு முன்னரே உருகிவிடும்! இரண்டும் ஒரே பொருளல்ல என்பதை இவ்வாறே கண்டறிகிறோம்.

அழுக்கை நீக்க உதவுவது படிகமாக்கல். பென்சாயிக் அமிலம் குளிர்நீரில் லிட்டருக்கு மூன்று கிராம் அளவே கரையும். கொதிநீரிலோ பல மடங்கு கரையும். சூடாகக் கரைத்து, வடிகட்டி, மெதுவாக ஆறவிட்டால் வெண்ணிறப் படிகங்கள் தோன்றும். கரையும் அழுக்கு நீரிலேயே தங்கிவிடும். அவசரமாகக் குளிரவைத்தால் படிகங்கள் அழுக்கையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். பொறுமைக்குப் பரிசு தூய்மை!

இனி எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெய் தனிச் சேர்மமன்று. பல கொழுப்புகளின் கலவை. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். மார்கழி இரவில் சென்னையின் வெப்பநிலை 21 டிகிரியளவுக்கு இறங்குவதால் உறைகிறது, பகலில் இளகுகிறது.

ஆனால் எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் லாரிக் அமிலம் மிக்கது; ஏறத்தாழ அதே குளிரில் உறைவது. அதைக் கலந்திருந்தாலும் பாட்டில் உறையத்தான் செய்யும்! ஆய்வகத்தில் அயோடின் எண் பார்த்தால் வேறுபாடு தெரியும்: தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 7 முதல் 10 வரை, மற்றதற்கு 14-க்கு மேல்.

பாட்டியின் கவனிப்பு மெய்யே, தீர்ப்புதான் அவசரமானது. ஒரு சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவதே அறிவியல். அடுத்த மார்கழியில் உறைந்த பாட்டிலைக் கையில் எடுக்கும்போது இதை நினைவுகூர்வோமாக!