இணையவழி வாணிகக் கூட்டமும் கூட்டெழுத்தும்

சுமத்திரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்றொரு பழைய துறைமுகம் உண்டு. அதனை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1873-ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-இல் பொறிக்கப்பட்ட அக்கல், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே கூடி, மரக்கலத்தார் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணம் குறித்துச் செய்த முடிவைத் தெரிவிக்கிறது. கூடியோர் பேசிய பேச்சு அன்றே காற்றோடு கலந்தது. எழுதிய முடிவோ இன்றும் படிக்கக் கிடக்கிறது.

வாணிகக் கூட்டம் எதற்கும் இவ்விரு கூறுகள் இன்றியமையாதவை. ஒன்று பேச்சு, மற்றொன்று எழுத்து. இக்காலத்தில் இயங்கலை வழியாக அலுவல் பார்ப்பதற்கென வந்துள்ள கருவிகளும் இவ்விரு கூறுகளாகவே பிரிகின்றன. ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாப்ட் டீம்ஸ் முதலியன தொலைவில் இருப்போரை ஒரே நேரத்தில் பேச வைக்கின்றன. கூகுள் டாக்ஸ் போன்றவை பலர் ஒரே ஏட்டில் எழுத இடந்தருகின்றன. முன்னதன் கவர்ச்சியில் பின்னதன் அருமையைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆனால் வாணிகத்தைத் தாங்கி நிற்பது பின்னதே ஆகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தேவை

கிள்ளான் பள்ளத்தாக்கு தொடக்கமுதலே தொலைவோடு போராடி வளர்ந்த பகுதி. சரக்கு வந்திறங்கும் இடம் கடற்கரை. அதனை விற்று முதலாக்கும் இடம் கோலாலம்பூர். இவற்றை இணைக்கவே 1886-இல் இருப்புப்பாதை தொடங்கப்பட்டது. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இருப்புப்பாதைத் தொழிலாளர் குடியிருப்புகளால் தமிழர் வாழும் இடமாயிற்று. அங்கிருந்த இருப்புப்பாதை முற்றம் இருந்த நிலத்திலேயே 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது.

இன்று மளிகைப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு தமிழ் வணிகரைக் கொள்க. அவருடைய கிடங்கு துறைமுகத்தருகே இருக்கும். கடை கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் இருக்கும். கணக்கர் பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் இருப்பார். சரக்கு அனுப்புவோர் சென்னையில் இருப்பார். நால்வரும் அரைமணி நேரம் ஒன்றாகப் பேசுதற்கு ஒருவர் ஒரு முழு நாளைச் சாலை நெரிசலில் கழிக்க வேண்டியதில்லை என்பதே இக்கருவிகளின் முதற்பயன்.

இப்பயனைப் பலர் விரும்பிக் கற்றாரல்லர், கட்டாயத்தால் கற்றனர். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, இன்றியமையாத் தொழில்கள் நீங்கலாக அலுவலகங்கள் மூடப்பட்டன. உலகெங்கும் இதே நிலை. ஜூம் கூட்டங்களில் ஒரு நாளில் பங்குபெறுவோர் தொகை 2019 டிசம்பரில் ஏறத்தாழ 1 கோடியாக இருந்தது. 2020 ஏப்ரலில் 30 கோடியாயிற்று. ஒருவர் மூன்று கூட்டங்களில் கலந்தால் மூவராக எண்ணப்படுவார் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பேச்சு செல்லும் வழி

காணொலிக் கூட்டத்தில் குரலும் உருவமும் எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. பொதிகள் வெவ்வேறு வழிகளில் சென்று, மறுமுனையில் மீண்டும் வரிசைப்படுகின்றன. காலந்தாழ்ந்து வரும் பொதிக்காகக் காத்திருந்தால் பேச்சு தடைபடும். ஆதலால் கருவி அதனை விட்டுவிட்டு மேலே செல்கிறது. இடையிடையே சொல் அறுபடுவதும் முகம் உறைந்து நிற்பதும் இதனாலேயே.

ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாதிருத்தல் நன்று என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதனினும் தாழ்ந்தால் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மீண்டும் இருவரும் தொடங்குவர். படம் மங்கினாலும் கூட்டம் நடைபெறும். குரல் கெட்டாற் கூட்டமே இல்லை. இணைப்பு நலிந்த கிடங்கில் இருப்பவர் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பதின்மர் கூடும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பதின்மருக்கும் நேரே தம் உருவத்தை அனுப்புவதாயின் 45 இணைப்புகள் வேண்டும். ஒவ்வொருவரும் ஒன்பது படி அனுப்ப வேண்டும். எளிய கைப்பேசி இதனைத் தாங்காது. ஆகவே இடையில் ஒரு வழங்கிக் கணினி அமர்த்தப்படுகிறது. ஒவ்வொருவரும் அதற்கு ஒரு படி மட்டும் அனுப்புவர்; அது உரியவர்க்கெல்லாம் பகிர்ந்தளிக்கும்.

ஒரே ஏட்டில் பலர் எழுதுதல்

பேசுங்கருவியும் எழுதுங்கருவியும் தொடக்கத்திலேயே ஒன்றாகக் காட்டப்பட்டன என்பது வியப்புக்குரிய செய்தி. 1968 டிசம்பர் 9-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க அறிஞர், சான்பிரான்சிஸ்கோ நகரில் மேடையில் அமர்ந்தபடி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த உடனுழைப்பாளரின் முகத்தைத் திரையிற் கண்டு பேசி, ஒரே ஏட்டினை இருவரும் காண வைத்துப் பணியாற்றிக் காட்டினார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகத்திற்கு உள்ள தொலைவும் அதனினும் சற்றுக் குறைவானதே.

ஒரே ஏட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதும்போது எழும் சிக்கல் நுட்பமானது. 'அரிசி 50 மூட்டை' என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்க. கிள்ளானில் இருப்பவர் அதன் முன்னே 'புழுங்கல்' என்று சேர்க்கிறார். அதே நொடியில் பிரிக்பீல்ட்ஸ் கணக்கர் 50 என்பதை 60 ஆக்குகிறார். கணக்கரின் திரையில், இடைவெளியையும் சேர்த்து எண்ணினால், 5 என்னும் எண் ஐந்தாம் இடத்தில் உள்ளது. 'ஐந்தாம் இடத்தில் உள்ளதை நீக்கி 6 இடுக' என்பதே அவர் கணினி அனுப்பும் கட்டளை. அது வந்து சேருமுன் 'புழுங்கல்' என்ற சொல்லும் ஓர் இடைவெளியுமாக ஆறு இடங்கள் முன்னே நுழைந்துவிட்டன. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் 'புழுங்க6 அரிசி 50 மூட்டை' என்றாகும்!

இதற்கு 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்னும் இருவர் ஒரு வழி கண்டனர். வந்த கட்டளையை உள்ளபடி ஏற்காமல், இடையில் நேர்ந்த மாற்றத்திற்கேற்பத் திருத்தி ஏற்பதே அவ்வழி. முன்னே ஆறு இடங்கள் நுழைந்தமையால் 'ஐந்தாம் இடம்' என்பது 'பதினோராம் இடம்' என மாற்றப்படும். இருவர் திரையிலும் 'புழுங்கல் அரிசி 60 மூட்டை' என்றே தோன்றும். 2006-இல் வெளிவந்த கூகுள் டாக்ஸ் பிற்காலத்தில் இக்கொள்கையையே தழுவிக்கொண்டது. யார், எப்போது, எதனை மாற்றினார் என்ற வரலாறும் ஏட்டிலேயே பதிவாகிறது. 'நான் சொன்னது வேறு' என்ற பூசல் எழுமிடத்து இவ்வரலாறு சான்றாகிறது.

தமிழ் எழுத்து வந்த வழி

மேற்காட்டிய எண்ணிக்கை இலக்கணப்படி அமைந்தது. கணினியோ 'பு' என்பதனைப் பகரம், உகரக்குறி என இரண்டாக எண்ணும். எழுத்தை எண்ணாக்கும் இம்முறையில் உலகத் தமிழர் ஒருமைப்படாத காலம் ஒன்று இருந்தது. 1990-களில் ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அந்நிலையில் கூட்டெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

இக்குறையைத் தீர்க்க முயன்றோர் ஒரே ஊரினரல்லர். முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கிய முத்து நெடுமாறன் மலேசியாவிலும், நா. கோவிந்தசாமி சிங்கப்பூரிலும், கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் இருந்தனர். தமிழகத்திலும் அமெரிக்காவிலும் வேறு பலர் இருந்தனர். இவர்கள் நேரிற் கண்டது அரிது. மின்னஞ்சல் வழியாகவே வாதிட்டனர், வரைந்தனர், திருத்தினர். 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2000-இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. பின்னர் யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறை பரவியது; 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. இன்று கிடங்கில் இருப்பவர் கைப்பேசியில் எழுதும் தமிழைச் சென்னையில் இருப்பவர் பிழையின்றிப் படிக்கிறார் எனின், அதற்கு வழி செய்தோரும் தொலைவிலிருந்தே கூடி உழைத்தவர்கள்தாம்.

சட்டம் கூறுவது

மலேசியச் சட்டமும் இம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. 2016-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 327-ஆம் பிரிவு, உறுப்பினர் பேசவும் வாக்களிக்கவும் இயலுமாயின், தொழில்நுட்பத்தின் துணையால் பல இடங்களிலிருந்து கூட்டம் நடத்த இடந்தருகிறது. ஆனால் முதன்மை இடம் மலேசியாவில் இருத்தல் வேண்டும். தலைவர் அங்கே இருத்தல் வேண்டும். நடந்ததை எழுதி வைப்பது நிறுவனத்தின் கடமை. பங்குச்சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் முற்றிலும் இயங்கலையிலேயே பொதுக்கூட்டம் நடத்தும் வழக்கம் 2025 மார்ச் 1 முதல் நிறுத்தப்பட்டது. நேரிலோ, இரண்டும் கலந்த முறையிலோ அவை கூட வேண்டும். நேருக்கு நேர் கேள்வி கேட்கும் உரிமையைத் திரை முழுமையாக ஈடுசெய்யாது என்ற எண்ணம் இதில் புலப்படுகிறது.

தொழிலாளர்க்கும் ஓர் உரிமை வந்துள்ளது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் விடை தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். இங்கும் சட்டம் நம்புவது எழுத்தையே.

எழுதுவோர் யார்?

இனி, தமிழர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிறு வாணிகங்கள் பலவற்றில் பேச்சு தமிழில் நடக்கிறது. குறிப்பு ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்படுகிறது. கிடங்குப் பொறுப்பாளர், 'இந்த வாரம் நாற்பது மூட்டைதான் முடியும். மழை விட்டால் மீதியைப் பார்க்கலாம்' என்கிறார் என்று கொள்க. ஆங்கிலக் குறிப்பில் 'இந்த வாரம் 40, அடுத்த வாரம் மீதி' என்று பதிவாகிறது. மழை பற்றிய நிபந்தனை மறைந்தது. அடுத்த வாரம் சரக்குச் சேராதபோது பழி அவர் தலையில் விழுகிறது. எழுதியதைப் படித்துத் திருத்தவும் அவரால் இயலவில்லை. கூட்டத்தில் அவர் முகம் இருந்தது. ஏட்டில் அவர் இல்லை.

அரசுக்கும் வங்கிக்கும் உரிய ஏடுகள் அவற்றிற்குரிய மொழியில் இருக்கட்டும். உள்ளே நடக்கும் அலுவல் குறிப்பு, அதனை நிறைவேற்றுவோர் படிக்கும் மொழியிலும் இருத்தல் நேர்மையாகும். அதற்குப் பெரிய நூல் வேண்டியதில்லை. கூடிய நாள், கூடியோர், எடுத்த முடிவு, செய்ய வேண்டியவர், முடிக்க வேண்டிய நாள், நிபந்தனை ஆகிய ஆறும் போதும். கூட்டம் நடக்கும்போதே ஒருவர் பொது ஏட்டில் இவற்றை எழுத, மற்றவர் பார்த்திருந்து அங்கேயே திருத்தலாம்.

பள்ளிகளில் கட்டுரையும் கடிதமும் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், இத்தகைய கூட்டக் குறிப்பு எழுதுதலையும் பயிற்சியாகத் தரலாம். மூன்று மாணவர் ஒரே ஏட்டில் எழுதி, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தி, முடிவில் மாற்ற வரலாற்றைப் பார்த்துத் தெளிந்தால், சுருங்கச் சொல்லவும் சொன்னதற்குப் பொறுப்பேற்கவும் கற்பர். அம்மாணவர் நாளைக்குக் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கடையின் கணக்கராக அமரும்போது, கிடங்கில் இருப்பவர் சொன்ன மழை நிபந்தனையையும் விடாமல் எழுதுவர்.