சிறு கருவிகளில் தமிழ்ப் பேச்சொலியாக்கம்

எழுத்தில் உள்ள உரையைக் கணினி வாய்விட்டுப் படிப்பது பேச்சொலியாக்கம் எனப்படும். பார்வையற்ற மாணவர் ஒருவர் பிறர் துணையின்றிப் பாடநூலைக் கேட்க இது வழி செய்கிறது. இதற்கு விலையுயர்ந்த கணினி தேவை என்று பலர் நினைக்கின்றனர். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை சீரோ போன்ற கருவியே போதும். 2015இல் 5 டாலர் விலையில் வெளிவந்த இதில் 1 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 512 மெகாபைட் நினைவகமும் உள்ளன.

இதில் எளிதாக இயங்குவது இ-ஸ்பீக் என்னும் கட்டற்ற மென்பொருள். 1995இல் ஜோனதன் டடிங்டன் ஏகார்ன் கணினிகளுக்காக எழுதிய நிரலே இதன் தொடக்கம். அதன் இன்றைய வடிவமான இ-ஸ்பீக் என்ஜி தமிழையும் பேசும். பல மொழிகளைக் கொண்டிருந்தும் இதன் அளவு சில மெகாபைட்டுகள்தான். மனிதக் குரலைச் சொல் சொல்லாகப் பதிந்து வைக்காமல், சைன் அலைகளைக் கூட்டியே உயிரொலிகளை இது உண்டாக்குகிறது. 'ஸ்' போன்ற ஒலிகளுக்கு மட்டும் சிறு பதிவுகள் உண்டு. நொடிக்கு 22,050 ஒலி மாதிரிகள் வேண்டும். மேற்கண்ட செயலிக்கு ஒவ்வொரு மாதிரிக்கும் சுமார் 45,000 துடிப்புகள் கிடைக்கின்றன, அது தாராளம். குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் வேகமாகக் கேட்டுப் பழகியவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

உண்மையான சிக்கல் செயலியில் இல்லை, உச்சரிப்பில் இருக்கிறது. பக்கம், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி வெவ்வேறு. இடத்தைப் பார்த்து ஒலியைத் தீர்மானிக்க விதி எழுதிவிடலாம். இலஞ்சி, ஐந்தருவி, குற்றாலம் ஆகிய பெயர்கள் அவ்விதிகளுக்குள் அழகாக அடங்கும். செண்பகாதேவி அருவியில் விதி வழுக்கும். 'தேவி'யின் முதலெழுத்தைத் 'தேன்' போல ஒலித்தால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். அது 'பந்து' என்பதில் வரும் தகர ஒலி.

தென்காசி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 'நான்கு' என்பதில் னகர மெய்க்குப் பின் வரும் ககரம் மெலிந்து ஒலிக்கிறது. அதே விதியைத் தென்காசிக்குப் பொருத்தினால் ஊர்ப்பெயரே கெட்டுவிடும். தென், காசி என்னும் இரு சொற்கள் சேர்ந்தது அது என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது.

இதற்குத் தீர்வு எளிது. இ-ஸ்பீக்கில் ஒவ்வொரு மொழிக்கும் விதிகளுக்கு ஓர் உரைக்கோப்பும், விதிக்கு அடங்காத சொற்களுக்கு மற்றோர் உரைக்கோப்பும் உண்டு. இரண்டாவது கோப்பில் சொல்லையும் அதன் ஒலிக்குறியீட்டையும் ஒரே வரியில் சேர்த்து, மீண்டும் தொகுத்தால் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. காது நன்றாக இருக்க வேண்டும். என் கருத்தில், பள்ளி மாணவர்கள் தம் வட்டாரத்து ஊர், அருவி, தெருப் பெயர்களைத் திரட்டிச் செய்யத்தக்க வேலை இது. 'பாவம்' போன்ற சொற்களுக்கு மட்டும் பட்டியல் உதவாது. பழியா, முகபாவமா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும்.

செய்து பார்க்க விரும்புவோர் கவனிக்க: பை சீரோவில் காதொலிப்பான் செருகும் துளை இல்லை. யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.