சைனஸ் தொல்லைக்கு ஹைதராபாத்தின் கைவைத்தியம்

நெற்றியிலும் கன்னங்களிலும், கண்களுக்கு இடையிலும் மூக்கின் பின்புறத்திலும் இணை இணையாக அமைந்த 4 வகைக் காற்றறைகளே சைனஸ்கள். சளி பிடிக்கும்போது இவற்றின் வாய் வீங்கி அடைபட, உள்ளே நீர் கோத்துத் தலை கனக்கிறது. குனிந்தால் முகம் வலிக்கிறது. இத்தகைய மூக்கு நோய்களைச் சித்த மருத்துவம் பீனிசம் என்று வகைப்படுத்துகிறது.

ஹைதராபாத்தில் முன்னாள் படைவீரர்களின் குடியிருப்பாக உருவான சைனிக்புரியில் வாழும் தமிழருக்கு இரண்டு மரபுகளின் கைவைத்தியம் எட்டும் தொலைவில் இருக்கிறது. தெலுங்கில் வாவிலி எனப்படும் நொச்சியின் இலையை மஞ்சள்தூளுடன் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் ஆவி பிடிப்பதும், நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவதும் தமிழ் வழி. யுனானி ஹக்கீம் முகமது மொய்சுதீன் ஃபாரூக்கி 1920இல் உருவாக்கி, இன்றும் அம்பர்பேட்டையில் தயாராகும் ஜிந்தா திலிஸ்மாத் என்னும் சிவந்த தைலம் ஹைதராபாத் வழி. யூகலிப்டஸ் எண்ணெயே மிகுதியாக உள்ள இத்தைலத்தில் கற்பூரம், புதினா உப்பாகிய மென்தால், ஓம உப்பாகிய தைமால் ஆகியவை கலந்துள்ளன. ரத்தன்ஜோத் வேர் அதற்கு நிறம் தருகிறது.

மென்தால் நாசியில் குளிர்ச்சியை உணரும் நரம்புமுனைகளைத் தூண்டுவதால் காற்று தாராளமாகச் செல்வதாகத் தோன்றுகிறதே தவிர, வீக்கம் அதனால் வற்றிவிடுவதில்லை. இங்கிலாந்தில் நாள்பட்ட சைனஸ் தொல்லையுள்ள 871 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், வெறும் நீராவி தலைவலியை ஓரளவு தணித்ததன்றி வேறு குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. உப்புநீரால் மூக்கைக் கழுவியதோ சிறிதளவு நன்மை தந்தது. அவ்வாறு கழுவுவதற்குக் காய்ச்சி ஆறவைத்த நீரையே பயன்படுத்த வேண்டும்.

ஆகவே இம்மருந்துகள் தருவது நிவாரணமே அன்றி நோய்நீக்கம் அன்று. பெரும்பாலான சைனஸ் அழற்சி வைரஸால் வந்து தானாகவே அடங்குவதால், அந்த நிவாரணமே பலருக்குப் போதுமானதாகிவிடுகிறது. ஆயினும் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்தால் உடல் வெந்துபோகும். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் குழந்தையின் வயிற்றுக்குள் சென்றால் வலிப்பு உண்டாகலாம். 2021இல் கோட்டி அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் திரண்ட கருப்புப் பூஞ்சை நோயாளிகள், கட்டுப்படாத சர்க்கரை நோயுள்ளவர்களுக்குச் சைனஸ் தொற்று எவ்வளவு விரைவில் கண்ணைப் பறிக்கக்கூடும் என்பதை நகருக்கு உணர்த்தினர்.

10 நாள் கடந்தும் தணியாத தொல்லை, குறைந்த பின் மீண்டும் முற்றும் காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், ஆவி பிடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்வதே முறை.