நாய் விடுதியில் ஓர் இருமல்

நாய் இருமுவதைக் கேட்டிருக்கிறீர்களா? வாத்து கத்துவதுபோல வறட்டு ஒலி எழும். இருமி முடித்ததும் குமட்டும். கொஞ்சம் வெண்ணுரை வரும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதோ என்று வீட்டார் பதறுவார்கள். ஆனால் பல சமயம் அது எலும்பு அல்ல, ஒரு தொற்றுநோய். பல நாய்களை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் இடங்களில் மளமளவென்று பரவுவதால் இதற்குக் 'கொட்டில் இருமல்' என்று பெயர்.

இந்த நோய்க்குக் காரணம் ஒரே ஒரு கிருமி அல்ல. பாரா இன்ஃபுளுயன்சா, அடினோ முதலிய வைரஸ்களும் 'போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா' என்ற பாக்டீரியாவும் தனியாகவோ கூட்டாகவோ இதை உண்டாக்கும். குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமல் தெரியுமல்லவா? அதன் கிருமியும் போர்டெடெல்லா இனத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் கிருமியைத் தம் துணைவருடன் 1906இல் கண்டறிந்த பெல்ஜிய விஞ்ஞானி ஜூல் போர்டேயின் நினைவாகவே அந்தப் பெயர் அமைந்தது.

மூச்சுக்குழலின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் உள்ளன. காற்றில் நெற்பயிர் அசைவதுபோல அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுகின்றன. போர்டெடெல்லா இந்த இழைகளைப் பற்றிக்கொண்டு செயலற்றுப்போகச் செய்கிறது. துடைப்பம் நின்றுவிட்டால் வீடு என்னவாகும்? மற்றக் கிருமிகளும் எளிதாக உள்ளே இறங்கிவிடும். திடமான நாய் சில வாரங்களில் தேறிவிடும். குட்டிக்கும் கிழநாய்க்கும் நுரையீரல் அழற்சி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாய்களுக்கு ஃபுளூவும் வரும். 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பந்தய நாய்கள் தங்கியிருந்த ஓரிடத்தில் 22 நாய்கள் நோயுற்றன, 8 இறந்தன. ஆராய்ந்தபோது, குதிரைகளைத் தாக்கும் எச்3என்8 என்ற ஃபுளூ வைரஸ் நாய்க்குத் தாவியிருப்பது தெரிந்தது! 2015இல் சிகாகோ நகரில் எச்3என்2 என்ற வேறொரு வகை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைத் தாக்கியது.

சரி, இவற்றிலிருந்து நாயைக் காப்பது எப்படி? 'நாளைக்குப் பயணம், இன்றைக்கு ஊசி போட்டால் போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது. போர்டெடெல்லாவுக்கு எதிரான ஊசியை முதல்முறை போடும்போது, 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. மூக்கில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. கிருமி நுழையும் வாசலிலேயே அது காவல் வைக்கிறது. அதுவும் போர்டெடெல்லாவுக்கு எதிராகப் பலன் தரச் சுமார் 3 நாள்களும், பாரா இன்ஃபுளுயன்சாவுக்கு எதிராகச் சுமார் 3 வாரங்களும் பிடிக்கும். எனவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

தடுப்பு மருந்து எல்லாக் கிருமிகளையும் தடுத்துவிடாது. ஆகையால் விடுதியையும் நேரில் போய்ப் பாருங்கள். காற்றோட்டம் இருக்கிறதா? நாய்கள் மூக்கோடு மூக்கு உரசாதபடி தடுப்பு உண்டா? ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதா? நோயுற்ற நாய்க்குத் தனி அறை உண்டா? தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா? சான்று கேட்காத விடுதியில் மற்ற நாய்களும் சான்றில்லாமல்தானே வந்திருக்கும்!

கிருமி புகுந்தபின் இருமல் தொடங்கப் பெரும்பாலும் 3 முதல் 10 நாள்கள் ஆகும். விடுதியில் நன்றாக இருந்த நாய், வீடு திரும்பிய பிறகு இருமலாம். அதனால் இரண்டு வாரம் கவனித்து வாருங்கள். இருமினால் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையைப் போடுங்கள், மூச்சுக்குழல் அழுந்தாது. மனிதருக்கான இருமல் மருந்தை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

புறப்படும் நாளில் நாய் இருமினால்? அதை விடுதியில் விடாதீர்கள். வீட்டில் ஒருவர் தங்க நேரலாம், பயணமே தள்ளிப்போகலாம். உங்களுக்கு அது ஏமாற்றந்தான். ஆனால் பக்கத்துக் கூண்டில் இருக்கும் இரண்டு மாதக் குட்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை.