யாழ்தேவி ஓடாத ஆண்டில் ஏறி வந்தவர்

2003ஆம் ஆண்டு. ஏ9 வீதி திறந்து ஒரு வருசம் கழிந்திருந்தது. ரொறன்ரோவிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தான். பின்னேரத் தேத்தண்ணியோடு விறாந்தையில் எல்லோரும் இருந்தபோது, ஒழுங்கை முகப்பு வீட்டு அண்ணை வழக்கம்போலக் கதைக்க வந்தார். புது முகத்தைக் கண்டதும் அவருக்கு ஒரு உற்சாகம். 96ஆம் ஆண்டு கார்த்திகையில் கொழும்பிலிருந்து யாழ்தேவியில் தனியாக வந்த கதையை எடுத்துவிட்டார். பெட்டிக்குள் கும்மிருட்டு, வழி நெடுக ஆமி, அனுராதபுரத்தில் வடை வித்த பொடியன் மிச்சக் காசு தராமல் ஓடினது. மச்சான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"எந்த ஸ்ரேசனிலை இறங்கினனீர்?"

"கொக்குவிலிலை, மாஸ்டர். ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தது."

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 ஜூனோடு யாழ்ப்பாணம் வருவதை நிறுத்திவிட்டது. 96இல் கொக்குவிலில் ரெயில் இருக்கட்டும், ரெயில் பாதையே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன. அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து வந்தவர்கள் திருகோணமலையில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கினார்கள், இல்லையென்றால் பலாலிக்குப் பறந்து வந்தார்கள். விறாந்தையில் இருந்தவர்களில் மச்சானைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓடாத ரெயிலைப் பிந்தி வேறு வரவைத்துவிட்டாரே என்று, அவர் போனபிறகு அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

இப்படியான ஒருவர் இல்லாத ஊர் கிடையாது. இவர்களை 'புளுகர்' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் 'புளுகம்' என்றால் பெருமகிழ்ச்சி. மகள் சோதனை பாஸ் பண்ணின புளுகத்தில் இருக்கிறார் என்போம். புளுகும் புளுகமும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதைப் பண்டிதர்கள் சொல்லட்டும். அண்ணையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. இலாபமில்லாமல், சொல்லும் சுகத்துக்காகவே பொய் சொல்லும் இந்தப் போக்கை 1891இலேயே அன்ரன் டெல்புரூக் என்ற மனநல மருத்துவர் தனியாக எடுத்து விவரித்து, அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். 'கற்பனைப் பொய்யுரை' என்று தமிழில் சொல்லலாம்.

புளுகுகிறவர் வேறு, பேய்க்காட்டுகிறவர் வேறு. நம்மூர்ப் பேச்சில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருக்கிறது. முன்னவர் நம் நேரத்தைத்தான் எடுப்பார். பின்னவர் காணி உறுதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு பேரையும் பிடிப்பதற்கு நாம் கையாளும் முறைதான் பிழை. முகத்தைப் பார்க்கிறோம்.

"கண்ணைப் பாத்துச் சொல்லு!" பிள்ளைகளிடம் இதைச் சொல்லாத வீடு உண்டா? இது நம்முடைய நம்பிக்கை மட்டுமல்ல. 75 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், பொய்யரை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேட்டபோது உலகெங்கும் அதிகம் வந்த பதில், அவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பதுதான். உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட இந்த விசயத்துக்கு ஆதாரம் மட்டும் கிடைக்கவில்லை. சார்ல்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை நடந்த பரிசோதனைகளையெல்லாம் திரட்டி 2006இல் கணக்குப் பார்த்தார்கள். 24 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மற்றவர் பேச்சைக் கேட்டு மெய்யா பொய்யா என்று சொன்ன தீர்ப்புகள் அவை. சரியாக வந்தது 54 வீதம். காசு சுண்டிப் போட்டாலும் 50 வீதம் சரியாக வருமே. பொலிஸ்காரர், நீதிபதிகள் போன்ற தொழில் அனுபவம் உள்ளவர்களும் இந்தச் சோதனைகளில் பெரிதாக ஒன்றும் வென்றுவிடவில்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளங்கவைக்க ஆய்வு தேவையில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற காலத்தை நினைத்தால் போதும். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாத பிள்ளைக்கும் கை நடுங்கியது, நாக்கு வரண்டது. பெரியவர்களின் முகத்துக்கு நேரே பார்த்துக் கதைக்காதே என்று வளர்த்த பிள்ளை, சீருடைக்கு முன்னால் தலையைக் குனிந்தது. குனிந்ததே குற்றமாயிற்று. அதே வரிசையில், தேவைக்குப் பொய் சொன்னவர்கள் கல்லுப்போல நின்று சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். நடுக்கம் காட்டுவது பயத்தை. பயத்துக்கு ஆயிரம் காரணம். இதயத் துடிப்பு, மூச்சு, வியர்வை இவற்றை அளக்கும் பொய்யறி கருவிக்கும் இதே வில்லங்கம்தான். ஒருவரின் சம்மதமில்லாமல் அந்தக் கருவியில் அவரை இருத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் எல்லோரும் எந்நேரமும் பொய் சொல்லிக்கொண்டுதான் திரிகிறோமா? இல்லை. கிம் செரோட்டா, திமதி லெவின் குழு 1000 அமெரிக்கரிடம், கடந்த 24 மணித்தியாலத்தில் எத்தனை பொய் சொன்னீர்கள் என்று கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுமே சொல்லவில்லை என்றவர்கள் ஏறத்தாழ 60 வீதம். மொத்தப் பொய்களில் கிட்டத்தட்டப் பாதியை 5 வீதமானவர்கள் சொல்லியிருந்தார்கள். பொய்யரிடமே கேட்டு எடுத்த கணக்குத்தானே என்று சிரிக்கலாம். ஆனால் ஊரை ஒருமுறை மனதுக்குள் சுற்றி வந்து பாருங்கள், அந்த 5 வீதத்தின் வீட்டுப் படலைகள் உங்களுக்கே தெரியும். லெவின் இதிலிருந்து ஒரு கோட்பாடு கட்டினார். பெரும்பாலானவர்கள் பெரும்பாலும் உண்மையே பேசுவதால், கேட்டதை நம்புவது மனித மூளையின் இயல்பு நிலை. நம்பாவிட்டால் மீன் சந்தையில் ஒரு கூறு மீன்கூட வாங்கமுடியாது. ஏமாந்தவரை 'விசரன்' என்று ஊர் ஏசுவது அநியாயம்.

பழகப் பழகப் பொய் சுலபமாவது ஏன் என்பதற்கு லண்டன் யுனிவேர்சிற்றி கொலிஜில் நீல் கரெட், டாலி ஷாரட் குழு 2016இல் ஒரு துப்புக் கொடுத்தது. கண்ணாடிச் சாடிக்குள் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்று மதிப்பிட்டு இன்னொருவருக்குச் சொல்லவேண்டும். கூட்டிச் சொன்னால் சொல்பவருக்கு இலாபம். முதலில் கொஞ்சமாகக் கூட்டியவர்கள் போகப்போக அதிகம் கூட்டினார்கள். மூளையை ஸ்கேன் செய்தபோது, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி தொடக்கப் பொய்களுக்குக் காட்டிய துலங்கல் பிறகு தணிந்துகொண்டே வந்தது. புதுச் செருப்புக் கடித்த இடம் காய்த்துப் போவதைப்போல. இது ஓர் ஆய்வுகூட விளையாட்டு. இதை வைத்து ஒழுங்கை அண்ணையின் மூளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் துணியமாட்டேன்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பொய்யாக இருப்பதெல்லாம் பொய் அல்ல. நீண்டகாலம் குடியில் கிடந்து, தயமின் என்ற உயிர்ச்சத்துக் குறைந்து, நினைவு கெட்டவர்கள் சிலர், நேற்று நடந்ததைக் கேட்டால் நடக்காத ஒன்றை நிதானமாகச் சொல்வார்கள். மூளை தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. முதுமை மறதியிலும் இது வரும். "அப்பு இப்ப புளுகத் தொடங்கிட்டார்" என்று ஏசுவதற்கு முன் ஒருதரம் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

பொய்யறி கருவி இல்லாத காலத்தில் நம்மவர்கள் பொய்யை எப்படி எடுத்தார்கள்? கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். கற்பூரத்தைக் கொளுத்தி, "அடிச்சுச் சத்தியம் பண்ணு." இதை மூடத்தனம் என்று தள்ள எனக்கு விருப்பமில்லை. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சத்தியப்பிரமாணக் கட்டளைச் சட்டமே இதற்கு இடம் வைத்திருக்கிறது. குடியியல் வழக்கில் ஒரு தரப்பு, 'எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்யட்டும், நான் கட்டுப்படுகிறேன்' என்று சொல்லலாம். கோயில் வாசலில் செய்த சத்தியத்தோடு முடிந்த காணி வழக்குகள் உண்டு. இதன் சூட்சுமத்தைப் பொருளியலாளர் பீட்டர் லீசன், ஐரோப்பாவின் பழைய தீச்சோதனைகளை வைத்து விளக்கியிருக்கிறார். சோதனை உண்மையைக் கண்டுபிடிப்பதில்லை. சோதனைக்கு யார் பின்வாங்குகிறார் என்பதுதான் காட்டிக்கொடுக்கிறது. சாமிக்குப் பயந்தவரிடம் மட்டுந்தான் இது செல்லும். காசுக்கு மட்டும் பயந்தவர் இரண்டு சூடம் அடித்துவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் உறவுக்காரக் குடும்பம் ஒன்று அகப்பட்டது அப்படியான ஒரு ஏஜென்சிக்காரரிடம். பெயர் வேண்டாம். அளவாகப் பேசுவார், நெற்றியில் திருநீறு, கண்ணைப் பார்த்தே கதைப்பார். பொடியனை வெளிநாடு அனுப்பக் காணியை ஈடு வைத்த காசு உண்டியல் மூலம் போனது. "ரூட் கிளியர், அடுத்த கிழமை பிளைட்" என்றார். அந்த அடுத்த கிழமை பதினாலு மாதம் நீண்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம், ஒவ்வொரு காரணமும் தூரத்து நாடொன்றில், நாம் விசாரிக்கமுடியாத ஒருவர் தலையில். கடைசியில் பொடியன் மலேசியாவிலிருந்து சொந்தக் காசில் திரும்பி வந்தான்.

அவன் தப்பினான் என்றுதான் சொல்லவேண்டும். 2022 நவம்பரில் கனடாக் கனவோடு 'லேடி ஆர்3' என்ற பழைய கப்பலில் ஏறிய 303 பேர், கடல் நடுவில் கப்பல் பழுதாகி, ஜப்பானியக் கப்பலொன்றால் மீட்கப்பட்டு வியட்நாமின் வுங் டாவ் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். கண்ணைப் பார்த்துக் கதைத்த யாரோ ஒருவரை நம்பித்தான் அவர்களும் ஏறியிருப்பார்கள்.

போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் ஆல்டர்ட் வ்ரை பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இந்த இடத்தில்தான் உதவுகிறது. பொய் சொல்பவர் கதையைச் சோடிக்கவும் வேண்டும், முன்பு சொன்னதை ஞாபகம் வைக்கவும் வேண்டும், கேட்பவர் முகத்தைக் கவனிக்கவும் வேண்டும். ஏற்கனவே சுமை. அதற்குமேல் கொஞ்சம் சுமையேற்றிப் பாருங்கள். நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஆயத்தம் செய்திராத கேள்வியைக் கேளுங்கள். இஸ்ரேலின் கலிட் நஹாரி இன்னொன்று சேர்த்தார். பொய்யர்களும் நிறைய விபரம் தருவார்கள். ஆனால் சரிபார்க்கக்கூடிய விபரங்களைத் தவிர்ப்பார்கள். வடை வித்த பொடியனை எங்கே போய்த் தேடுவது? "எந்த ஸ்ரேசன்" என்ற அப்பாவின் கேள்வி, ஆராய்ச்சி எதுவும் படிக்காமல் கேட்ட அதே கேள்விதான்.

ஏஜென்சிக்காரரிடம் கேட்கவேண்டியதும் இந்தச் சாதியைச் சேர்ந்தது. அனுமதிப்பத்திர இலக்கம் என்ன? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றிருக்கவேண்டும். இலக்கத்தைப் பணியகத்திடம் கேட்டால் தெரிந்துவிடும். காசுக்குப் பற்றுச்சீட்டு, சொன்ன திகதிக்கு ஒரு கொப்பி. திகதியை அவருக்கு முன்னாலேயே எழுதுங்கள். "எங்களிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கோபிப்பார். கோபிக்கட்டும். வீட்டுக்குள் இருக்கும் பொய்யரோடு இப்படிக் கொப்பியும் கையுமாக வாழமுடியாதுதான். அங்கே செய்யக்கூடியது, சபையில் வைத்துக் குட்டை உடைக்காமல் தனியே ஒருமுறை, தெரியும் என்று சொல்லிவிடுவது. அதன்பிறகு அவர் வாய்ச்சொல்லை நம்பிச் சீட்டுக் காசோ சாவியோ கொடுக்காமல் விடுவது.

பிள்ளைகள் விசயத்தில் நாங்கள் கொஞ்சம் வெட்கப்படவேண்டும். மூன்று, நான்கு வயதில் பொய் முளைப்பது மூளை வளர்ச்சியின் அடையாளம். மற்றவர் மனதில் வேறு எண்ணம் இருக்கலாம் என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆபிரிக்காவில் இரண்டு பாடசாலைகளை ஒப்பிட்டு 2011இல் எழுதினார்கள். அடித்து வளர்க்கும் பாடசாலைப் பிள்ளைகள் அதிகம் பொய் சொன்னார்கள், சொன்ன பொய்யை அகப்படாமல் காத்தும் கொண்டார்கள். எங்கள் வாத்திமாரின் பூவரசங்கம்பு எத்தனை திறமான புளுகர்களைத் தயாரித்திருக்கும்!

காங் லீயின் குழு 2014இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என்னைக் காங்கேசன்துறை வரை கொண்டுபோய்விட்டது. பொய் சொல்லித் தண்டனை பெற்றவன் கதை பிள்ளைகளின் பொய்யைக் குறைக்கவில்லை. உண்மை சொன்னதற்காகப் பாராட்டுப் பெற்ற ஜோர்ஜ் வாஷிங்டன் கதை குறைத்தது. அதே கதையின் முடிவை மாற்றி, உண்மை சொன்னவனுக்குக் கெடுதல் வருவதாகச் சொன்னபோது பலன் போய்விட்டது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தைக் குடாநாட்டுக் கோயில் வீதிகளில் ஆயிரக்கணக்கான இரவுகள் சனம் விடிய விடியப் பார்த்து அழுதது. நாடு போய், மனைவி போய், பிள்ளையும் போய்ச் சுடலையில் நிற்கிறான் உண்மை பேசிய அரிச்சந்திரன். பாயில் படுத்திருந்து பார்த்த சின்னஞ்சிறுசுகள், இறைவன் தோன்றி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கும் விடியப்புறக் கட்டத்துக்கு முன்பே நித்திரையாகியிருக்குமே. எதைப் படித்துக்கொண்டு போயிருப்பார்கள்?

2014 ஒக்டோபர் 13இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. சில நாட்கள் கழித்து அண்ணை கொழும்பு போய் ரெயிலில் திரும்பினாராம். படலையைத் திறந்தபடியே கதை தொடங்கிவிட்டது; ஆனையிறவில் உப்பளம் வெயிலில் கண்ணைக் குத்தினதும், பளையில் சனம் கையாட்டினதும். அப்பாவுக்கு அப்போது காது மந்தம். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைச் சீட்டை எடுத்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறங்குகிற ஸ்ரேசன் வாசலில் கொடுத்துவிட்டு வரவேண்டிய சீட்டு அது. "திறம்" என்று சொல்லி, அதைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தார்.